மீதிப் படம்

மறியல்சாலை, பெண்கள் பகுதி
12.10.2023

அன்புள்ள ராணிக்கு,

சுகமாக இருக்கிறாயா? நான் இருக்கிறேன். மூன்று மாதமாக உன் கடிதத்தை எதிர்பார்த்துவிட்டு நானே எழுதுகிறேன். கோபமில்லை. கொஞ்சம் இருக்கிறது.

வழக்கைப் பற்றி எழுதக் கூடாதாம். எழுதினால் மை பூசிவிடுவார்கள். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஜெயிலர் மிஸ் ஒருவர்தான் இருக்கிறார். அவர் பார்த்து வெளியே விட இரண்டு கிழமையாகும். படம், கதை எழுதினால் பரவாயில்லையாம். ஆகவே நம் படத்தைப் பற்றி எழுதுகிறேன்.

கரண்ட் கட் காலத்தில் நுஸ்ரா பென் டிரைவில் கொண்டுவந்தாளே, சித்திரக் கதையிலிருந்து எடுத்த அந்தச் சண்டைப் படம்! மூன்று பொல்லாத பெண்கள். நல்லவர்கள் என்று யாரும் அவர்களைச் சொல்லமாட்டார்கள், ஆனால் கெட்டவனைக் கண்டால் விடமாட்டார்கள். உங்கள் தோட்டத்து லயத்து வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். அடுத்த நாளே நாம் தைக்கிற கார்மெண்ட்ஸில் பெயர் வைத்துக்கொண்டோம். நீ சிவப்புக் கோட்டுக்காரி, நுஸ்ரா மொட்டைத்தலை, வாயே திறக்காத நான் ஊமைச்சி.

பாலத்துக் காட்சி உனக்கு மறந்திருக்காது. பெண் பிள்ளைகள் மேல் கை வைக்கிற சூப்பர்வைசரை மூன்று பேரும் முகத்தை மூடிக்கொண்டு மறிப்பார்கள். பயம் காட்டத்தான் போனார்கள். கம்பியை ஓங்கியவள் சிவப்புக் கோட்டுக்காரி. அவன் செத்துப்போவான் என்று அவளும் நினைக்கவில்லை. ஓடும்போது ஊமைச்சிக்குக் கால் பிசகிவிடுகிறது. பிடிபட்டவள் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. பழி முழுதும் அவள் தலையில்.

அவளை அடைத்ததோடு கரண்ட் போய்விட்டது. மீதியை நாம் பார்க்கவே இல்லை. நீ பார்த்து எழுது. மற்ற இரண்டு பேரும் அவளைத் தேடி வருகிறார்களா? தை மாதம் எனக்குக் கோர்ட்டில் தவணை.

உன்,
நிரோஜா

மாத்தளை
09.11.2023

அன்புள்ள நிரோவுக்கு,

உன் எழுத்தைக் கண்டதும் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தேன். எழுதாமல் இருந்தது பிழைதான். நீ என்னைத் திட்டு.

உன் அம்மாவை முத்துமாரி அம்மன் கோயிலில் கண்டேன். மெலிந்துவிட்டார். "புள்ளய போய்ப் பாத்தியா?" என்று கேட்டார். அடுத்த கிழமை போறேன் என்றேன். போகவில்லை. நுஸ்ரா குவைத்துக்குப் போனவள்தான், நம்பரையும் மாற்றிவிட்டாள்.

எனக்குக் கல்யாணம் பேசியிருக்கிறார்கள். துஷாந்த் என்று பெயர், டவுனில் போன் திருத்தும் கடை. அதிர்ந்து பேசாத மனிதர். அம்மன் தேர்த் திருவிழாவுக்கு முன் செய்துவிட வேண்டும் என்று அப்பா நிற்கிறார். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

படம் இன்னும் கையில் கிடைக்கவில்லை. தேடுகிறேன். சாப்பிடு.

ராணி

மறியல்சாலை
30.11.2023

அன்புள்ள ராணிக்கு,

கல்யாணச் செய்தி சந்தோஷம். உண்மையாகவே சந்தோஷப்பட்டேன், பிறகுதான் அழுதேன்.

உன் கடிதத்தைத் தரும்போது மிஸ், "முடிவ எழுதலியே, புள்ள" என்றார். அவருக்கும் கதை பிடித்துவிட்டது. என்னைவிட அவர்தான் காத்திருக்கிறார்.

நான் படுத்துக்கொண்டே யோசிக்கிறேன். சிவப்புக் கோட்டுக்காரி ஒருத்தி வந்து, அவன் முதலில் என்ன செய்தான், கம்பி யார் கையில் இருந்தது என்று நடந்ததைச் சொன்னால் போதும். ஊமைச்சி வெளியே வந்துவிடுவாள் அல்லவா? தவணைக்கு முன் பார்த்து எழுது, ராணி. கும்பிட்டுக் கேட்கிறேன்.

நிரோஜா

மாத்தளை
21.12.2023

அன்புள்ள நிரோ,

படம் பார்த்துவிட்டேன்.

அவர்கள் வரவில்லை. வந்தால் மூன்று பேருமே மாட்டியிருப்பார்கள். ஊமைச்சிக்கும் அது தெரியும். கம்பிச் சன்னலில் நின்று, போங்கள் என்று கையைக் காட்டுகிறாள். சிரிக்கவும் செய்கிறாள். சிவப்புக் கோட்டுக்காரி வழியெல்லாம் அழுதுகொண்டே போகிறாள். நல்ல முடிவு என்றுதான் எனக்குப் பட்டது.

கல்யாணம் முடிந்ததும் நான் அவர்கள் வீட்டுக்குப் போய்விடுவேன். அங்கே கடிதம் வந்தால் கேள்வி வரும். என் கடிதங்களைக் கிழித்துவிடு. உன்னை மறக்கமாட்டேன்.

ராணி

மறியல்சாலை
08.01.2024

ராணிக்கு,

உன் கடிதத்தை வாசித்து அழுது தீர்த்தேன். அதோடு சரி என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். போங்கள் என்று கையைக் காட்டவும் தயாராகிவிட்டேன்.

இன்று காலை மிஸ் வந்தார்.

"ஒன் கூட்டாளி பிழையா எழுதிருக்கா, புள்ள. நேத்து மகனோட உக்காந்து அந்தப் படத்தப் பாத்தேன். ரெண்டு பேரும் வாறாங்க. செவப்புக் கோட்டு லொறியால செவர ஒடச்சிக்கிட்டு வாறா. ஊமச்சியத் தோள்ல போட்டுக்கிட்டுப் போறா."

நான் பாயைச் சுருட்டத் தொடங்கினேன். மிஸ் போகவில்லை.

"பாலத்து சீன் மட்டும் அந்தப் படத்துல இல்ல. சூப்பர்வைசரும் இல்ல. அது எங்க நடந்திச்சி? ஒனக்கு எழுதுறவதானே செவப்புக் கோட்டு?"

'எனக்குப் பயமாக இருக்கிறது, நான் வரமாட்டேன்' என்று நீ எழுதியிருந்தால் கடைசிவரை ஊமையாகவே இருந்திருப்பேன். அம்மா மேல் சத்தியம். நீயோ, வந்தவர்களை வரவில்லை என்று எழுதினாய். நான் சிரித்ததாகவும் எழுதினாய். அதைத்தான் தாங்க முடியவில்லை.

சொல்லிவிட்டேன். உன் பெயர், உன் அப்பா பெயர், லயத்து நம்பர், எல்லாம்.

இந்தக் கடிதம் உன்னிடம் வர இரண்டு கிழமையாகும். பொலிஸ் அதற்கு முன் வந்துவிடும். வரும்போது தடித்த சுவெட்டர் ஒன்று எடுத்துக்கொள், இங்கே விடியற்காலையில் குளிர் பொல்லாதது. என் பாய்க்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. நீ சுவரை உடைக்க வேண்டாம், ராணி. வாசல் வழியாகவே கூட்டிவருவார்கள்.

உன்,
ஊமைச்சி