சாமைப் பூவுக்கு ஒரு லென்ஸ்

புதூர்நாடு
7-8-1983

கண்ணமங்கலம் அருணகிரி ஸ்டுடியோ உரிமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். போன வருடம் ஆனி மாதம், மலைமேல் வாத்தியார் வேலை கிடைத்ததென்று ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு ரஷ்யக் கேமராவுமாக உங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறினாளே, அந்தப் பூங்கோதைதான் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் மடித்து வைத்துவிட வேண்டாம். இதில் குடும்ப விஷயம் ஒன்றும் இல்லை. ஒரு வாடிக்கைக்காரி கடைக்காரரிடம் கேட்கும் கேள்வி, அவ்வளவுதான்.

போன வாரம் ஆறாம் வகுப்புக்குப் பூவின் பாகங்கள் நடத்தினேன். புத்தகத்தில் செம்பருத்தி படம் போட்டிருக்கிறது. இதே பாகங்கள் சாமைப் பூவிலும் உண்டு என்றேன். வகுப்பே சிரித்துவிட்டது. முன் பெஞ்சுக்காரி ஒருத்தி எழுந்து, "சாமைல ஏது டீச்சர் பூவு? கதிர்தான வரும்" என்கிறாள். மூன்று வேளையும் சாமைச் சோறு சாப்பிடுகிற பிள்ளைகள் இவர்கள்.

பூ உண்டு. எள்ளைவிடச் சின்னது. காலை வெயில் ஏறும்போது கொஞ்ச நேரம் திறந்துவிட்டு மூடிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் இருப்பது ஒரே ஒரு பூதக்கண்ணாடி. நாலு பிள்ளைகள் பார்ப்பதற்குள் பூ மூடிவிடும். அதனால் அதைப் படம் பிடித்து, பெரிதாக்கி, வகுப்புச் சுவரில் மாட்ட ஆசைப்படுகிறேன். ஆனால் இந்தக் கேமராவில் உள்ள லென்ஸ் கிட்டப் போனால் எல்லாவற்றையும் புகையாக்கிவிடுகிறது. இன்னும் ஒரு மாதத்தில் கதிர் வந்துவிடும். எந்த லென்ஸ் வாங்க வேண்டும் என்று சொன்னால் போதும்.

அத்தையின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்றும் ஒரு வரி எழுதலாம். அது குடும்ப விஷயத்தில் சேராது.

இப்படிக்கு,
பூங்கோதை

*

கண்ணமங்கலம்
16-8-1983

வாடிக்கையாளர் பூங்கோதைக்கு,

கடிதம் கிடைத்தது. அந்தக் கேமரா மாப்பிள்ளைச் சீராக உன் அப்பா எனக்கு வாங்கிக் கொடுத்தது. ஆக, வாடிக்கைக்காரியின் கையில் இருப்பது கடைக்காரனுடைய கேமரா. இதை ஞாபகம் வைத்துக்கொண்டு மேலே படிக்கவும்.

லென்ஸுக்கு முன்னால் மாட்டுகிற குளோசப் கண்ணாடி விலை மலிவு. ஆனால் படத்தின் ஓரமெல்லாம் கலங்கிப் போகும். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் வளையம் போட்டும் எடுக்கலாம். வெளிச்சம் குறைந்துவிடும், உனக்குப் பொறுமையும் கிடையாது. சரியான வழி, சின்னதைக் கிட்டப் போய் எடுப்பதற்கென்றே செய்த மேக்ரோ லென்ஸ். அதிலே ஐம்பது மில்லிமீட்டரும் இருக்கிறது, நூறும் இருக்கிறது. ஐம்பது என்றால் பூவுக்கு நாலு விரற்கடை தூரம்வரை போகலாம், போகத்தான் வேண்டும். நூறு என்றால் ஒரு முழம் தள்ளி நின்றே அதே அளவு படம் எடுக்கலாம். உனக்கு ஐம்பது போதும். செத்துப்போனவர்களின் பழைய படங்களைக் காப்பி எடுக்க ஸ்டுடியோவில் ஒன்று வைத்திருக்கிறேன். அதையே பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

ஆனால் வயலில் போய் எடுக்காதே. காற்றில் கதிர் ஆடும். ஒரு கதிரை ஒடித்து வந்து தண்ணீர் பாட்டிலில் வை. ஜன்னலோரம் மேஜை போட்டு, எதிர்ப்பக்கம் வெள்ளை அட்டை நிறுத்து. நான் அப்படித்தான் எடுப்பேன். ரோலை இங்கேயே அனுப்பு, கழுவித் தருகிறேன்.

அம்மாவுக்கு வலி குறையவில்லை. உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "சாமப் பூவ பாக்கவாடா மல ஏறிப் போனா?" என்று கேட்டாள்.

இன்னொன்று. இங்கே பெண்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியை இடம் காலியாகிறது. தெரிந்தவரிடம் பேசி வைத்திருக்கிறேன். காலாண்டு விடுமுறைக்குள் நீ சரி என்று எழுதினால் மாற்றல் வாங்கிவிடலாம். இந்த முறையும் மாட்டேன் என்றால் நான் இனிமேல் கேட்கப்போவதில்லை.

அருணகிரி

*

புதூர்நாடு
11-9-1983

அன்புள்ள மாமாவுக்கு,

லென்ஸ் பத்திரமாக வந்தது. பஞ்சு வைத்துப் பொதிந்து, மேலே உங்கள் பழைய கட்டம்போட்ட சட்டைத் துணியைச் சுற்றியிருந்தீர்கள். அந்தச் சட்டை கிழிந்துவிட்டதா? நன்றாகத்தானே இருந்தது.

நீங்கள் சொன்னபடியே செய்தேன், வினையும் வந்தது. பள்ளிக்கூடத்தை ஒட்டி இருப்பது பெரியம்மாள் என்பவரின் நிலம். போன புதன்கிழமை காலை அதில் ஒரு கதிரை ஒடித்து வந்து பாட்டிலில் வைத்தேன். மேஜை, ஜன்னல், வெள்ளை அட்டை எல்லாம் உங்கள் ஸ்டுடியோபோலவே ஏற்பாடு. ஃபோகஸ் செய்வதற்குள் பூ மூடிக்கொண்டது. நிமிர்ந்து பார்த்தால் வாசலில் பெரியம்மாள் நிற்கிறார்.

"இன்னா டீச்சரம்மா, இப்டி பண்ட்ட? வேடியப்பனுக்குப் படைக்காத நாங்களே ஒரு கதிர் ஒடிக்க மாட்டமே" என்றார். சத்தம் போடவில்லை. பாட்டிலில் இருந்த கதிரை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு போனார். அறுப்புக்கு முன்னால் சாமிக்குப் படைக்கும்வரை வயலில் ஒருவரும் கதிர் ஒடிப்பதில்லையாம். ஒரு வருடம் இந்த ஊர்ச் சோற்றைத் தின்றும் இது எனக்குத் தெரியவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது, மாமா.

மறுநாள் அவர் வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். ஒரு தட்டில் பலாச்சுளை வைத்துக் கொடுத்துவிட்டு, "படம் புடிக்கணும்னா வரப்புல நின்னு புடி. உள்ள கால வெக்காத. சாமி கும்ட்டப்புறம் உன் இஷ்டம்" என்றார். படைத்த பிறகு பூ ஏது? அதனால் வரப்பில் நின்று எடுக்கிறேன். கதிர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் உங்கள் ஐம்பதுக்கு அது எட்டாது. எக்கிக் குனிந்தால் என் தலை நிழல் பூமேல் விழுகிறது. மூச்சு விட்டால் கதிர் ஆடுகிறது. இரண்டு முறை வயலுக்குள் விழப் பார்த்தேன். ரோலை அனுப்பியிருக்கிறேன், பார்த்துச் சிரித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு நூறுதான் வேண்டும். கிடைக்குமா?

மாற்றல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் யோசித்து எழுதுகிறேன்.

அன்புடன்,
பூங்கோதை

*

கண்ணமங்கலம்
18-9-1983

பூங்கோதைக்கு,

ரோலைக் கழுவிவிட்டேன். பாதிக்குமேல் ஆட்டம். மற்றதில் வெளிச்சம் போதவில்லை. ஆறாவது படத்தில் பூவுக்குப் பதிலாக ஒரு எறும்பு நன்றாக விழுந்திருக்கிறது. ஒன்பதாவதில் உன் தலை நிழல். பதினொன்றிலும் நிழல்தான். இப்போது கொண்டை போடுவதில்லையா? பின்னல் முன்னால் தொங்குகிறது. நிழலை வைத்து ஆள் இளைத்திருக்கிறாளா என்று சொல்ல முடியாது.

நூறு உனக்கு ஒத்து வராது. கனம் அதிகம். கை கொஞ்சம் அசைந்தாலும் படம் அசையும், ஸ்டாண்டு வேண்டும். வரப்பில் எங்கே ஸ்டாண்டை நிறுத்துவாய்? ஐம்பதை வைத்தே பழகு. பொறுமையாக எடுத்தால் வரும். எத்தனை ரோல் வேண்டுமானாலும் அனுப்பு, நான் கழுவுகிறேன்.

இதெல்லாம் இல்லாமல் ஒரு சுலபமான வழியும் இருக்கிறது. கீழே வந்துவிடு. இங்கே பிள்ளைகளுக்குச் செம்பருத்தி போதும்.

அம்மா கத்தரி வற்றல் போட்டு வைத்திருக்கிறாள். யாரிடம் கொடுத்தனுப்புவது என்று கேட்கிறாள். விடுமுறை நெருங்குகிறது. பதில் எழுது.

அருணகிரி

*

புதூர்நாடு
25-9-1983

அன்புள்ள மாமாவுக்கு,

பதில் கேட்டீர்கள். மாற்றல் வேண்டாம். நூறு லென்ஸும் வேண்டாம்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். கோபம் இருக்கிறது, இல்லாமல் இல்லை. நான் கிளம்பிய அன்றைக்கு நீங்கள் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. "வேலையா, வூடா? ரெண்டுல ஒண்ணு சொல்லிட்டுப் போ." நான் உங்களை வேண்டாமென்று மலை ஏறவில்லை, மாமா. வேலைக்கு வந்தேன். ஸ்டுடியோவை மூடிவிட்டுப் புதூர்நாட்டில் வந்து கடை போடுங்கள் என்று நான் என்றைக்காவது கேட்டேனா? உங்கள் ஸ்டுடியோ உங்களுக்கு எப்படியோ, அப்படித்தான் எனக்கு இந்த வகுப்பு. இங்கே பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், நான் கதிர் ஒடித்தால் ஊர் என்னிடம் கோபிக்கிறது, பிறகு பலாச்சுளை கொடுக்கிறது. எனக்கு இது பிடித்திருக்கிறது.

பிடிக்காதது ஒன்றுதான். திருப்பத்தூரில் இறங்கினால் ஜீப் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏறி வந்து, எப்படி இருக்கிறாய் என்று நீங்கள் கேட்டிருக்கலாம். ஒவ்வொரு ஞாயிறும் ஜீப் சத்தம் கேட்டால் எட்டிப் பார்ப்பேன். இப்போது பார்ப்பதில்லை என்று எழுத நினைத்தேன். அது பொய். இன்றும் பார்த்தேன்.

உங்கள் ஐம்பதைத் திருப்பி அனுப்புகிறேன். காப்பி எடுக்கத் தேவைப்படும். துணியை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். அத்தைக்கு என் வணக்கம்.

பூங்கோதை

*

மெட்ராஸ்
5-10-1983

அன்புள்ள கோதைக்கு,

கல்யாண ஆல்பம் அட்டை வாங்க மெட்ராஸ் வந்தேன். பர்மா பஜாரில் நூறு கிடைத்தது. ஒரு கை மாறிய ஜப்பான் லென்ஸ். உன் கேமராவின் திருகு மரையில் சரியாக உட்காரும். கூட ஒரு சின்ன ஸ்டாண்டும் வைத்திருக்கிறேன். காலை மடக்கினால் வரப்பில் நிற்கும். ஊருக்குப் போனால் மனசு மாறிவிடுமோ என்று இங்கிருந்தே அனுப்புகிறேன்.

கனம், ஆட்டம் என்று நான் எழுதியதெல்லாம் உண்மைதான். ஆனால் அதற்காக நூறு வேண்டாமென்று சொல்லவில்லை. நூறு இருந்தால் நீ ஒரு முழம் தள்ளி நின்றுகொள்வாய். உன் தலை நிழல் படத்தில் விழாது. ஒன்றேகால் வருடமாக உன்னை நான் பார்த்தது அந்த நிழலில்தான். ஒன்பதாவது படத்தைப் பெரிதாகப் போட்டு டார்க் ரூமில் ஒட்டி வைத்திருக்கிறேன். சாமைக்காரி வீட்டு வரப்பில் ஒருத்தி குனிந்து நிற்கிற நிழல். அதைப் பார்த்துக்கொண்டே, பொறுமையாக எடு, இன்னும் ரோல் அனுப்பு என்று உனக்கு எழுதினேன். என் பிழைப்பைப் பார்.

நீ கேட்டது நியாயம். வந்து பார்த்திருக்கலாம். பஸ் ஏறப் போய்த் திரும்பியிருக்கிறேன். நீ வராமல் நான் மட்டும் வந்தால் நான் தோற்றதாகிவிடும் என்று ஒரு வீம்பு. மாற்றலுக்குப் பேசியவரிடம் வேண்டாமென்று சொல்லிவிட்டேன். இனி அந்தப் பேச்சு இல்லை.

பூவை எடு. வெயில் பக்கவாட்டில் விழும்படி ஸ்டாண்டை வை. நிழல் எங்கேயும் படாது.

அருணகிரி

*

புதூர்நாடு
16-10-1983

அன்புள்ள மாமாவுக்கு,

லென்ஸ் வந்த மறுநாளே எடுத்தேன். நல்லவேளை, பெரியம்மாள் பின்னால் விதைத்த துண்டில் இன்னும் பூ இருந்தது. வரப்பைத் தாண்டவில்லை. கண்ணாடிக்குள் பார்த்தேன். மூன்று மகரந்தப் பைகள், நடுவில் ஊதா நிறத்தில் இறகுபோல இரண்டு சூல்முடிகள். பெரியம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அடியம்மா, இது இவ்ளோ நாளா எங்க இருந்திச்சி" என்றார்.

ரோலை அனுப்பியிருக்கிறேன். கடைசிப் படத்தைக் கவனமாகக் கழுவுங்கள். அது பிள்ளைகளுக்கு இல்லை.

வருகிற ஞாயிறு தாண்டி அடுத்த ஞாயிறு இங்கே வேடியப்பனுக்குப் படையல்.

உங்கள்
கோதை

*

கண்ணமங்கலம்
24-10-1983

அன்புள்ள கோதைக்கு,

பூ விழுந்திருக்கிறது. ஓரத்து மயிர்கூடக் கலங்கவில்லை. எனக்கு இப்படி ஒரு படம் இதுவரை அமைந்ததில்லை. சுவர் அளவுக்குப் பெரிதாகப் போட்டு அட்டையில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

கடைசிப் படத்தை முதலில் பாழ் என்று நினைத்தேன். கதிர் எல்லாம் கலங்கிப் புகையாக இருந்தது. பேப்பரை மருந்தில் போட்டு அசைத்தபோதுதான் தெரிந்தது, ஃபோகஸ் கதிரில் இல்லை. வரப்பு மண்ணில் இருக்கிறது. மண்மேல் உன் நிழல், தலை முதல் கால் வரை. நூறு லென்ஸில் நிழல் தானாக வந்து விழாது. வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று, அதற்கென்றே ஃபோகஸ் செய்தால்தான் விழும். இந்த முறை கொண்டை போட்டிருக்கிறாய். என்னால் டார்க் ரூமை விட்டு உடனே வெளியே வர முடியவில்லை.

படங்களைக் காயப் போட்டபோது அம்மா வந்தாள். சாமைக்குப் பூ உண்டு பார் என்று காட்டினேன். "பூ கெடக்கட்டும்டா" என்று அதைத் தள்ளிவிட்டு அந்தக் கடைசிப் படத்தைக் கையில் எடுத்தாள். உள்ளே போய்க் கத்தரி வற்றலைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து, "போய்ட்டு வா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் வருகிறேன். இனி முகூர்த்தம் இல்லாத ஞாயிறெல்லாம் வருவேன், நீ சலித்துக்கொள்ளக் கூடாது. படையல் முடியும்வரை வரப்பைத் தாண்ட மாட்டேன் என்று பெரியம்மாளிடம் சொல்லி வை. உன் பூப்படத்தைக் கொண்டு வருகிறேன். கேமரா கொண்டு வரவில்லை.

உன்
அருணகிரி