பத்தியமில்லாத கொயினா

12 ஜனவரி 1914, திங்கள்

மழை. இன்றும் கடைக்கு ஒருவரும் வரவில்லை. வோகல் துரை துடைத்த புட்டிகளையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். ஜெர்மனியில் அப்பாவின் மருந்துக்கடையில் தொழில் பழகியவர். சிங்கப்பூரில் நல்ல உத்தியோகத்தை உதறிவிட்டு, ஜொகூர் பாருவில் சொந்தக் கடை போட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை. தோட்டமெல்லாம் மலேரியாக் காய்ச்சல். அதற்கு மருந்தான நம் கொயினாவை வாங்கத்தான் ஆள் இல்லை. ஏப்ரலுக்குள் தேறாவிட்டால் மூடிவிடுவாராம். அரசாங்க ஆஸ்பத்திரி வேலையை விட்டு, இவரை நம்பிக் கம்பவுண்டராக வந்தவன் நான். மூடவிடமாட்டேன்.

19 ஜனவரி

உலு திராம் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து பேச்சியம்மாள் என்றொரு பெண் வந்தாள். நல்ல காய்ச்சல். மருந்தைக் கையில் வாங்கியதும் பத்தியம் கேட்டாள். துரைக்கு இங்கிலீஷில் சொன்னேன். பத்தியமாவது மண்ணாவது, எதையும் சாப்பிடலாம் என்று சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே அதைத் தமிழில் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

20 ஜனவரி

என் மனைவி யோகம் சொல்கிறாள்: "பேசாமல் ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போங்கோவன்." போகமாட்டேன்.

3 பிப்ரவரி

மருந்து வாங்கிப் போனவள் திரும்பி வரவில்லையே என்று தோட்டத்துக்கே போனேன். கூலியாட்களின் லயத்து வீட்டுக் கூரையில் நம் புட்டி தொங்குகிறது — தக்கையைக்கூடத் திறக்கவில்லை! பேச்சியம்மாள் பாயில் கிடந்து நடுங்குகிறாள். ஏன் குடிக்கவில்லை என்று சத்தம் போட்டேன்.

"எதை வேணும்னாலும் திங்கலாம்னு சொன்னீங்க. அப்போ அது மருந்தாங்கய்யா? வெறுந் தண்ணிதானே."

எனக்குத் தெரியாதா இது? பத்தியம் சொல்லாமல் என் அம்மா ஒரு கஷாயம் தந்ததுண்டா? காற்சட்டை போட்டதும் புத்தி எங்கே போனது? துரையிடம் பத்தியம் கேட்டு வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

4 பிப்ரவரி

துரையோடு சண்டை. இல்லாத பத்தியத்தைச் சொல்வது பொய், என் கடையில் பொய் விற்பதில்லை என்று குழவியால் மேசையைக் குத்தினார். என்ன மனுசன் இவர்! பொய் வேண்டாம், உண்மையான பத்தியமாகச் சொல்லுங்கள் என்றேன். வெறும் வயிற்றில் கொயினா குமட்டும்தானே?

துரை குழவியைக் கீழே வைத்தார். பிறகு ஆளுக்கொன்றாகச் சொல்ல ஆரம்பித்தோம். கஞ்சி குடித்த பிறகுதான் மருந்து. கொதித்தாறிய தண்ணீர்தான். கள்ளும் சாராயமும் கூடவே கூடாது. கடைசியாகச் சொன்னது துரை சேர்த்தது. அதையும் மேசையைத் தட்டித்தான் சேர்த்தார்.

5 பிப்ரவரி

போய்ச் சொன்னேன். பேச்சியம்மாள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். புட்டியை மடியில் கட்டிக்கொண்டாள்.

22 மார்ச்

பேச்சியம்மாள் எழுந்து நடமாடுகிறாள். தோட்டத்து ஆட்களை வண்டியில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அவள் புருஷன் சின்னத்தம்பிக்கும் காய்ச்சலாம். கள் கூடாது என்றதும் அவன் முகம் விழுந்துவிட்டது. பக்கத்தில் நின்றவன், "கடுமையான மருந்துதான்" என்று மெச்சினான். கடையை மூடும் பேச்சைத் துரை இப்போது எடுப்பதில்லை.

6 ஆகஸ்ட்

இங்கிலீஷ்காரருக்கும் ஜெர்மன்காரருக்கும் யுத்தமாம்.

27 அக்டோபர்

துரையைச் சிங்கப்பூரில் கைதிகள் முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். போகும்போது சாவியை என் கையில் வைத்தார்.

எதிரியின் பெயரில் கடை நடக்கக் கூடாதாம். சரி. அவர் பலகையைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்தேன். கனகசுந்தரம் என்று என் பெயரில் புதுப் பலகை எழுதக் கொடுத்திருக்கிறேன். அவர் வரும்வரை கடை நடக்கும்.

29 நவம்பர்

முகாமில் துரைக்குக் காய்ச்சல் என்று தெரிந்து, அனுமதி வாங்கிக்கொண்டு போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார். பாதி ஆளாகிவிட்டார். கொயினாவைக் கொடுத்தேன். அவரே கலக்கச் சொல்லித்தந்த மருந்து. அதில் அவருக்குத் தெரியாதது எது? புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு தமிழில் கேட்டார்:

"பத்தியம் என்ன?"

பேச்சியம்மாளுக்குச் சொன்னபடியே ஒவ்வொன்றாகச் சொன்னேன். கடைசியில், பீரும் கூடாது என்றேன்.

சின்னத்தம்பிக்கு விழுந்த மாதிரியே முகம் விழுந்தது. புட்டியைச் சட்டைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.