கொஞ்சினால் நம்பாதே

வாலு, அப்பா எழுதுவது. எல்லோரும் நலம், நீ நலமா என்று ஆரம்பிக்கத்தான் பேனாவைத் திறந்தேன், முதல் வரியிலேயே பொய் எதற்கு. நான் நலம், உன் அம்மாவை வேறு கட்டடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள், எப்படி இருக்கிறாள் என்று தெரியாது. நூல் லோடு கொண்டுவரும் லாரிக்காரர் இதை வேறு ஊரில் தபாலில் போடுகிறேன் என்றிருக்கிறார், வளவளவென்று எழுத நேரமில்லை, ஒழுங்காகப் படி.

இங்கே யாரும் எங்களை அடிப்பதில்லை. கேட்டைத் திறப்பதில்லை, அவ்வளவுதான். கையுறைத் தொழிற்சாலையில் மற்றவர்கள் சாயங்காலம் வீட்டுக்குப் போகிறார்கள், நம் இனத்து ஆட்கள் மட்டும் மாடியில் படுக்கிறோம், எங்கள் அடையாள அட்டைகள் மேனேஜரின் அலமாரியில். நான் மெக்கானிக் என்பதால் எல்லா மெஷினிடமும் நடமாடலாம், அம்மா கட்டைவிரல் தைக்கும் வரிசையில் இருந்தாள். போன வாரம் கையுறை வாங்கும் கம்பெனியிலிருந்து ஆட்கள் விசாரிக்க வந்தார்கள். கேள்விகள் இந்த வரிசையில்தான் வரும் என்று சூப்பர்வைசர், நாங்கள் விசில் என்று கூப்பிடுகிற ஆள், எல்லோரையும் பதில்களை மனப்பாடம் செய்யவைத்தான். உன் அம்மாவுக்கு இவர்கள் பாஷை சுத்தமாக வராது, அர்த்தம் தெரியாமலே ஒப்பித்துப் பழகினாள், "பாட்டு மாதிரிதான் இருக்கு, சமாளிச்சுடுவேன்" என்றாள். வந்த அம்மையார் கேள்வித்தாளைத் தள்ளிவைத்துவிட்டு, அவள் கட்டுப் போட்ட விரலைப் பார்த்து என்னம்மா ஆச்சு என்று கேட்டார். பக்கத்து மெஷினில் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தேன், காதால் கேட்டேன். இவள் நிமிர்ந்து நின்று, "சொந்த விருப்பத்துலதான் வந்தேன்" என்றாள். டாக்டர் பார்த்தாரா என்றார். "என்கிட்டதான் பத்திரமா இருக்கு" என்றாள், அது அடையாள அட்டைக்கான பதில். எத்தனை பிள்ளைகள் என்றார். "ஒரு குறையும் இல்லை" என்றாள். பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள், எனக்கே வந்தது, நாசமாய்ப் போகிற சிரிப்பு. அந்த அம்மையார் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலமே அம்மாவின் மெஷின் காலி. மறுநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னான். நீ இருக்கிற வெளிநாட்டில் ஏதோ மேடையில் நம் ஆட்களைப் பற்றிப் பேசிய வீடியோவை எனக்கே போட்டுக் காட்டினான். "நல்லாத்தான் பேசுறா உங்க பொண்ணு. அம்மாவுக்கு முடியலை, வந்து பாருன்னு ஒரு போன் போடுங்க. அவ வந்த அன்னைக்கே உங்க சம்சாரம் திரும்பி வந்துடுவாங்க" என்றான். போன் செய்யத்தான் போகிறேன், செய்யாவிட்டால் அவளை இன்னும் எங்கே தள்ளுவானோ. நன்றாகவே அழுவேன், அதற்கு நடிப்பு தேவையில்லை. நீ வராதே. வராவிட்டால் அம்மாவை என்ன செய்வார்கள் என்று கேட்பாய். தெரியாது. வந்தால் மூன்று பேரும் உள்ளே, அது மட்டும் தெரியும். நீ பிறந்ததிலிருந்து நான் உன்னைக் கொஞ்சியதே இல்லை, அதற்கு அம்மா என்னோடு போட்ட சண்டை உனக்கே தெரியும். போனில் கண்ணே, தங்கமே என்பேன். பக்கத்தில் ஆள் நிற்கிறான் என்று புரிந்துகொள். "வர்றேன்பா" என்று சொல்லிவை, டிக்கெட் இல்லை, லீவு இல்லை என்று இழு. அதற்குள் அந்தக் கம்பெனி அம்மையாரைத் தேடிப்பிடி, கையுறையில் தைக்கிற அவர்கள் லேபிள் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். கட்டு விரல்காரி என்று சொன்னால் நினைவிருக்கும், அவள் எங்கே என்று அவர் கேட்டால் இவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். வேறு வழி எனக்குத் தோன்றவில்லை, மண்டை காய்ந்துவிட்டது.

ஹீட்டரை எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டாதே, ஒயர் உருகும், எத்தனை தடவை சொல்வது. பல்லைப் போய்க் காட்டு. நோய் நொடி இல்லாமல், கதவு உள்ளிருந்து திறக்கிற வீட்டில் எந்நாளும் இரு. இதை இன்னொரு முறை படித்துப் பார், ஓரிடத்திலாவது உன்னைக் கொஞ்சியிருக்கிறேனா. இல்லை. அதனால் இதை நம்பு.

உன் அப்பா