அறுபது ஏக்கர் கஞ்சாவுக்கு ஆரம்பச் செலவு

ஜனவரி 12, திங்கள்

எட்டரைக்கே ரஜீவ் ஒரு கோப்பைக் கொண்டுவந்து மேசையில் போட்டான். "மேடம், ஆரம்பச் செலவு. துஷாந்த் போட்டது. கூட்டல் சரியான்னு ஒருக்கா பாத்துக் குடுங்க. மாசக் கடைசியில சேர்மன் கைக்குப் போகணும்."

கூட்டல் பார்க்கவாம். நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டத்து ஆபீசில் பத்தொன்பது வருஷம் செக்ரோலில் ஆட்களின் சம்பளக் கணக்கு எழுதியவளுக்கு, பதுளை டவுனில் கண்ணாடி ஆபீஸ் போட்டு ஏழு மாதமே ஆன மனேஜர் தருகிற வேலை இது.

எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு நானே நம்பமாட்டேன். தோட்டம் கைவிட்ட கீழ் டிவிஷனைக் குத்தகைக்கு எடுத்து அறுபது ஏக்கரில் கஞ்சா போடப் போகிறார்கள். மருந்துக்காம், அத்தனையும் வெளிநாட்டுக்காம், லைசன்சோடாம். துஷாந்த்தான் ஆலோசகர். கொழும்பு. வயது இருபத்தொன்பது, மாதம் ஆறு லட்சம். மலையைப் பார்க்க வந்த அன்று அட்டை கடித்து ஜீப்பில் ஏறியவன், அதற்குப் பிறகு இறங்கவே இல்லை.

நாலாம் பக்கத்தில் "களை அகற்றல்" என்று ஒரு வரி. அதற்குக் கீழே "லயம் அகற்றல் — 11 வீடு — வீட்டுக்கு 3 லட்சம் — 33 லட்சம்."

வரிசையாக ஒட்டிக் கட்டிய அந்தப் பதினொரு வீட்டில் மூன்றாவது என் அக்கா அங்கம்மாவின் வீடு. நான் பிறந்ததும் அந்த ஒற்றை அறைக் காம்பராவில்தான். களைக்கு அடுத்த வரியில் எழுதி வைத்திருக்கிறான், நாசமாப் போனவன்.

அந்த வரியை வெட்டாமல் இந்தக் கோப்பு என் மேசையைத் தாண்டாது.

ஜனவரி 13

இன்று மட்டும் பதினான்கு பிழை பிடித்தேன். எங்கோ அமெரிக்காவில் எவனோ இன்டர்நெட்டில் போட்ட கணக்கை அப்படியே இறக்கி, டொலரை ரூபாயாக்கியிருக்கிறான். "பனி மூடுதுணி — 18 லட்சம்." பதுளையில் பனி கொட்டுமாம்! அறுவடை ஒக்டோபர் கடைசியில். ஐப்பசி அடைமழையில் உள்பாவாடை காயவே மூன்று நாளாகும் ஊரில், இவன் கஞ்சா காயவைக்கப் போகிறான்.

சொன்னேன். துஷாந்த் சிரித்தான். "மேடம், இது தேயிலை இல்ல."

ஆமாம் ராசா, தேயிலை இல்லை. தேயிலையாவது நனைந்தால் பிழைக்கும்.

ஜனவரி 15, தைப்பொங்கல்

கீழ்லயத்துக்குப் போனேன். விடியவே பீலியில் வரிசை. மேலே ஊற்றிலிருந்து குழாய் வழியாக வந்து விழுகிற ஒரே தண்ணீர், பதினொரு வீட்டுக்கும் அதுதான். குளிரில் பல் கிட்டக் கிட்டக் குளித்துவிட்டுத்தான் பானை வைக்கிறார்கள்.

அக்காவுக்குச் செய்தி எனக்கு முன்னமே போயிருந்தது. "ஏண்டி கலா, கஞ்சா போடறாங்களாமே? போன வருசம் கடைசி வீட்டுக்காரன் ரெண்டு செடி வச்சான்னு போலீசு அடிச்சு இழுத்துட்டுப் போச்சு. அறுவது ஏக்கர் போட்டா மாலை போடுவாங்களாக்கும்."

லயத்தை உடைக்கிற வரியைப் பற்றிச் சொன்னேன். பக்கத்து வீட்டு ரெங்கம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா பயப்படவில்லை. "எங்க தங்கச்சி அந்த ஆபீசுல இருக்கா. அவ எழுதறதுதான் கணக்கு. நம்மள யாரு அசைக்க முடியும்?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

இந்தச் சனம் இப்படித்தான். ஒருத்தி ஆபீசில் உட்கார்ந்தால் போதும், அவளைக் கடவுளாக்கிவிட்டு இவர்கள் தூங்குவார்கள். அக்காவை மட்டும் திட்ட மனசு வரவில்லை. அவள் கொழுந்து கிள்ளின காசில்தான் நான் ஏ.எல். படித்தேன்.

ஜனவரி 17

வேலிக்கு விலை கேட்க ஜௌபர் நானாவின் ஹார்ட்வெயார் கடைக்குப் போனேன். லைசன்ஸ் விதிப்படி இரண்டு வரிசை வேலி, ஏழடி, மேலே முள்ளுக் கம்பி. நாலாயிரத்து எண்ணூறு மீற்றர். எல்லையை நானே வரைபடத்தில் அளந்தேன், துஷாந்த் அளந்ததில் பாதி மலையைக் காணவில்லை.

நானா கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "தங்கச்சி, இது தோட்டத்துக்கா, ஜெயிலுக்கா?"

"கஞ்சாவுக்கு நானா."

"யா அல்லாஹ். நான் கம்பி மட்டும்தான் விக்கிறேன், வேற ஒண்டும் காதுல விழல்ல." சொல்லிவிட்டு, கல்குலேட்டரில் மட்டும் நன்றாகக் காது கொடுத்தார். மூன்று கோடியே பன்னிரண்டு லட்சம்.

ஜனவரி 20

காவலுக்கு ஆறு நாய். ஒரு நாய்க்கு ஒரு நாள் சாப்பாடு இரண்டாயிரம். அக்காவின் நாள் சம்பளம் அதைவிடக் குறைவு. ரஜீவிடம் சொன்னேன். "அது இம்போர்ட்டட் ஃபீட், மேடம்" என்றான்.

ஜனவரி 22

நாலாம் பக்கத்தை முடித்தேன்!

இந்தக் கூட்டத்திடம் "பாவம், நாலு தலைமுறையாக இருக்கிற சனம்" என்றால் விளங்காது. காசு என்றால் விளங்கும். லயத்தை உடைத்தால் நட்டஈடே 33 லட்சம். அதற்குப் பிறகு ஆளைப் பதுளையிலிருந்து வேனில் ஏற்றி இறக்க நாளுக்குப் பதின்மூவாயிரம், முந்நூறு நாளைக்கு 39 லட்சம். லயம் இருந்தால் இரண்டும் மிச்சம். இருபத்திரண்டு பேர் வேலிக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள், காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்கு நடந்தே வருவார்கள். "லயம் அகற்றல்" என்ற வரியைச் சிவப்பால் வெட்டினேன். பேனா தாளைக் கிழித்தே விட்டது.

சேர்மனின் உச்சவரம்பு பன்னிரண்டு கோடி. விதைக்கே நாலே கால் கோடி, ஒரு விதை தொள்ளாயிரம் ரூபாய், கேட்டால் வயிறு எரியும். திறப்பு விழாவுக்கு நாற்பது லட்சம், அதில் கை வைக்கக் கூடாதாம். ஆகவே மிச்ச முட்டாள்தனத்தை எல்லாம் வெட்டினேன். பனித்துணி போயிற்று. காயவைக்கப் புதுக் கட்டடம் போயிற்று, பழைய தேயிலை ஃபெக்டரியின் மேல்மாடி போதும். குழாய்க் கிணறு, தாங்கி, பம்பு, 28 லட்சம். அதுவும் போயிற்று.

மலை முழுக்க ஊற்று இருக்க, பூமியைத் துளைத்துத் தண்ணீர் தேடுகிறவனை என்னவென்று சொல்வது? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? தோட்டத்துக் கணக்கில் பத்தொன்பது வருஷத்தில் தண்ணீருக்கு ஒரு சதம் எழுதியதில்லை. உரத்துக்குப் பக்கம் உண்டு, மண்வெட்டிப் பிடிக்குக்கூடப் பக்கம் உண்டு, தண்ணீருக்குப் பக்கமே கிடையாது. "தண்ணீர் — தோட்டத்து ஊற்று — 0" என்று எழுதினேன்.

மொத்தம் பதினொரு கோடியே தொண்ணூற்று நாலு லட்சம். கையெழுத்துப் போட்டேன்.

ஜனவரி 30

சேர்மன் திரையில் வந்தார். முக்கால்வாசி நேரம் அவருடைய நெற்றிதான் தெரிந்தது. துஷாந்த் ஆங்கிலத்தில் இருபது நிமிடம் ஓதினான். பிறகு நான் தமிழும் சிங்களமும் கலந்து ஏழு நிமிடம். "லயம் இருக்கட்டும். குட் சேவிங்" என்றார் சேர்மன். துஷாந்தின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பழஞ்சோற்றில் பல்லி விழுந்த மாதிரி.

அதற்குப் பிறகு அவன் வாய் திறந்தது ஒரு தடவைதான். "வோட்டர் சோர்ஸ் பத்தி ஒரு சின்ன கன்சர்ன்…" நான் முடிக்கவே விடவில்லை. "தம்பி, நான் அந்தத் தண்ணியில வளந்தவ" என்றேன். ரஜீவ்கூடச் சிரித்துவிட்டான்.

பெப்ரவரி 2

எனக்கு நிரந்தர நியமனம். மாதம் ஒரு லட்சத்து அறுபதாயிரம். அக்காவுக்குப் போன் பண்ணினேன். அழுதாள். லயத்தில் சாமிக்குத் தேங்காய் உடைத்தார்களாம்.

ஏப்ரல் 9

வேலி முடிந்தது. இருபத்திரண்டு பேருக்கு வேலை என்று எழுதினேன், போலீஸ் ரிப்போர்ட், அது இது என்று ஆறு பேரைத்தான் எடுத்தார்கள். மற்றவர்களை வெளியிலிருந்து கொண்டுவருகிறார்கள், வேனில். கேட்டால் "செக்கியூரிட்டி மேடம்." எச்சில் கையால் காக்கா விரட்டாத கூட்டம்.

லயம் நிற்கிறது. அது போதும்.

மே 21

ஊற்றை அடைத்துக் கட்டி, கறுப்புக் குழாய் போட்டு, இரண்டு பழைய தாங்கிக்கு ஏற்றியிருக்கிறார்கள். பில் வந்தது, குழாய்க்கு மட்டும். சின்னத் தொகை. கையெழுத்துப் போட்டேன்.

ஜுன் 18

அக்கா போன். "கலா, பீலியில தண்ணி வரல்ல. நாலு நாளாச்சு."

வெயில் காலம்தானே, ஊற்று வற்றியிருக்கும் என்றேன். "வெயிலு நாங்க பாக்காததா? எம்பது வயசுக் கெழவனுங்களே பீலி வத்தி பாத்ததில்லங்கறாங்க" என்றாள்.

ஜுன் 20

போய்ப் பார்த்தேன். பீலிக்குக் கீழே பாசி காய்ந்து உரிகிறது. மேலே ஏறிப் பார்க்கலாம் என்றால், ஊற்று வேலிக்கு உள்ளே. காவல்காரன் விடவில்லை, என் அட்டையைக் காட்டியும் விடவில்லை. உள்ளே வரிசை வரிசையாக இடுப்பளவு செடி, ஒவ்வொன்றின் காலடியிலும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

எல்லையை அளந்தது யார்? நான்தான். அளக்கும்போது ஊற்று எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தேனா?

பார்க்கவில்லை. மீற்றர் மட்டும் பார்த்தேன்.

பொம்பளைங்க ஆத்துக்கு எறங்கி ஏறிக்கிட்டிருக்காங்க. போக ரெண்டு மைல், வர ரெண்டு மைல், தலையில குடத்தோட. ரெங்கம்மா என்னைக் கண்டதும் ஓடிவந்தாள். "நீ வந்திட்ட, இனி சரியாயிரும்."

ஜுன் 22

ரஜீவிடம் ஒரு குழாயாவது லயத்துக்குத் திருப்பி விடச் சொன்னேன். செடிக்கே போதவில்லையாம். அப்படியானால் குழாய்க் கிணறு தோண்டுங்கள் என்றேன். கோப்பைத் திறந்து என் கையெழுத்தைக் காட்டினான். "அதுக்கு பட்ஜட் இல்லயே மேடம். பூச்சியம்."

துஷாந்த் தலையை நிமிர்த்தாமல் சொன்னான். "நான் போட்டிருந்தேனே மேடம், இருவத்தெட்டு லட்சம்."

குத்திக்காட்டிச் சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன். அவன் சும்மாதான் சொன்னான். அட்டைக்குப் பயந்த அந்தப் பொடியனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று. இல்லை, தெரியாமலா? அந்தப் பீலியில் பதினெட்டு வருஷம் குளித்தவள் நான். அவன் எழுதினான் என்பதற்காகவே வெட்டினேன்.

ஜுலை 6

மேலதிகச் செலவுக் கோரிக்கை அனுப்பினேன், 28 லட்சம். சேர்மனிடமிருந்து ஒரே சொல்லில் பதில். நோ.

பிரதேச சபையின் தண்ணீர்ப் பவுசர் இரண்டு தடவை வந்தது. பாதை சரியில்லையாம், இனி வராதாம். இந்த மாதம் தனியார் பவுசருக்கு நான் காசு கொடுத்தேன். பதினொரு வீட்டுக்கு அது மூன்று நாளைக்குத்தான் காணும்.

ஜுலை 19

நாலு குடும்பம் போய்விட்டது. மற்றவர்களும் மூட்டை கட்டுகிறார்கள்.

அக்கா வீட்டுக்குப் போனேன். ரஜீவ் அவர்களிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான், கோப்பைக்கூடக் காட்டியிருக்கிறான்.

"வீட்டுக்கு மூணு லட்சம் குடுத்து அனுப்பறதா இருந்திச்சாமே" என்றாள் அக்கா. "நீதான் வெட்டுனியாமே."

"உங்கள இங்கயே இருக்க வைக்கத்தான்க்கா…"

"தண்ணியையும் நீதான் வெட்டுனியாமே."

திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். செருப்பால அடிச்சிருந்தாகூட. ஒண்ணும் செய்யல, சேலைகளை மடிச்சிக்கிட்டே இருந்தா.

என் வீட்டில் இரண்டு அறை சும்மா கிடக்கிறது, வந்து இரு என்று கெஞ்சினேன். பூனாகலையில் மகள் வீட்டுக்குப் போகிறாளாம். ஒரு மணி நேரம் இருந்தேன். வருகிற தபால்காரனுக்கும் தேத்தண்ணி ஊற்றுகிறவள், எனக்கு ஊற்றவில்லை. தண்ணீர் இல்லாததாலா, நான் என்பதாலா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

ஓகஸ்ட் 3

கீழ்லயம் காலி. உடைக்க ஒரு நாள்தான் எடுத்தது. நட்டஈடு கொடுக்க வேண்டி வரவில்லை, ஏனென்றால் யாரையும் அகற்றவில்லை, அவர்களாகவே போனார்கள். ரஜீவ் சேர்மனுக்கு அப்படித்தான் எழுதினான். பிரதி எனக்கும் வந்தது.

ஓகஸ்ட் 28

அடுத்த ஐம்பது ஏக்கருக்குக் கணக்கு வந்திருக்கிறது. மேல் டிவிஷன். அங்கே பத்தொன்பது வீடு. துஷாந்த் இந்த முறை பிழையே விடவில்லை. பனித்துணி இல்லை, புதுக் கட்டடம் இல்லை, லயம் அகற்றல் இல்லை. தண்ணீருக்குப் பூச்சியம்.

"உங்ககிட்ட படிச்சதுதான் மேடம்" என்றான். உண்மையான மரியாதையோடு சொன்னான்.