வீட்டை இழுத்துக்கொண்டு போனவளுக்கு

இன்று காலை பாரிஸ் லா சப்பலில் நான் வேலை செய்யும் கடைக்கு மரக்கறி கொண்டுவந்த லொறி வாசலில் வந்து நின்றபோது, சூடேறிய பிறேக்கின் கருகல் மணம் உள்ளே வந்தது. கையில் முருங்கைக்காய்க் கட்டோடு நான் அப்படியே நின்றுவிட்டேன். "என்னக்கா, சுகமில்லையோ?" என்று லொறிக்காரர் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். உன்னை நினைத்துக்கொண்டு நிற்கிறேன் என்று அந்த மனுசனுக்கு எப்படிச் சொல்வது? நீ போய் இரண்டு குளிர்காலம் கழிந்துவிட்டது. இவ்வளவு நாளும் உனக்கு ஒரு வரி எழுதத் துணிவு வரவில்லை. இன்றைக்கு அந்த மணம் பிடித்து உலுப்பிவிட்டது.

உன் மனுசனுக்குப் பாரிசவாதம் வந்த வருஷம் எனக்கு இன்றும் மறக்காது. யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்குமாக லொறி ஓடிய மனுசன் பாரிஸுக்கு வெளியே சார்செல் மாடிவீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். வலக்கை, வலக்கால் இரண்டும் சொன்னபடி கேட்காது. எதைக் கேட்டாலும் "ம்" மட்டும்தான். வெளியே கூட்டிக்கொண்டு போ, காற்றுப்படட்டும், மலை கடல் எதையாவது பார்க்கட்டும் என்று டொக்டர் சொன்னார். நீ ஹோட்டல் பதியப் போனாய். அன்றைக்குத்தான் அவர் ஒரு முழு வசனம் பேசினார். "கண்டவன்ரை கட்டிலிலை என்னைத் தூக்கிப் போடாதை, கண்டவன்ரை கக்கூசிலை என்னைக் கழுவாதை." அதோடு வாயை மூடியவர்தான்.

நீ அழவில்லை. மார்க்ஸ் டோர்மோயில் என் வீட்டுக்கு வந்து, தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னாய்: "அப்ப வீட்டையே கொண்டுபோவம்."

"உனக்கென்ன விசரே?" என்றேன். உன் மகளும் அதைத்தான் பிரெஞ்சில் கேட்டாள். "மமோ, த்தே ஃபோல்!" நீ இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தாய். ஒரு முடிவு எடுத்த பிறகுதான் நீ அப்படிச் சிரிப்பாய் என்பது எனக்குத் தெரியும்.

சில்லு பூட்டிய வீடுபோல் ஒரு கரவானும் அதை இழுக்கும் ஜீப்பும் ஒன்றாகவே கிடைத்தன. ஓய்வு பெற்ற பாண்டிச்சேரிக்காரர் ஒருவர் தன் வீட்டு முற்றத்தில் விற்பனைக்கு விட்டிருந்தார். அம்மாடி, எவ்வளவு பெரிது! நாங்கள் இரண்டு பேரும் பாரிஸுக்கு வந்த புதிதில் வாடகைக்கு இருந்த அறையைவிட அந்தக் கரவான் நீளம். உள்ளே கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் இருந்தன. ஜீப்போ புகை கக்குவதால் நகரத்துக்குள் விடாத பழைய டீசல் வண்டி, யானைபோல் ஒரு உடம்பு. "வயசாயிடுச்சு மதாம், ஆனா இழுக்கச் சொன்னா இழுக்கும். மெஸ்யே ஓட்டுவாரா?" என்று அவர் கேட்டார்.

"நான்தான் ஓடுவன்" என்றாய். அவர் உன்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார். நானும்தான் பார்த்தேன். நீ என் தோள் உயரம்கூட இல்லை.

அவ்வளவு பாரம் இழுக்கத் தனி லைசென்ஸ், இங்கே சொல்வதுபோல் பெர்மி, வேண்டும். பள்ளிக்கூடச் சாப்பாட்டறையில் வேலை முடித்த கையோடு போய்ப் படித்தாய். பின்னுக்கு எடுக்கும்போது கரவான் வலப்பக்கம் போக வேண்டுமென்றால் ஸ்டியரிங் வளையத்தை இடப்பக்கம் திருப்ப வேண்டும் என்பது உன் மண்டையில் ஏறவே இல்லை. ஒரு தீப்பெட்டிக்குப் பின்னால் நீட்டுப் பகெத் பாணை நூலால் கட்டி, என் சமையலறை மேசையில் முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டு இருந்தாய். கடைசியில் பாணை நான் பருப்போடு சாப்பிட்டேன். பெர்மியை நீ எடுத்தாய்.

பிரான்சின் தெற்கு எல்லையில் இருக்கும் பிரெனே மலைக்குப் புறப்பட்ட காலையில் சார்செல் கார் தரிப்பிடத்தில் சில்லுகளுக்கு அடியில் தேசிக்காய் வைத்தோம். "வண்டிக்கு நாலு, வீட்டுக்கு நாலு" என்று நீயே குனிந்து வைத்தாய். மாடிகளில் இருந்து சனம் எட்டிப் பார்த்தது. உன் மனுசனை, நான் அண்ணை என்று கூப்பிடுகிறவரை, முன் சீற்றில் ஏற்றி இருத்தினோம். அவர் "ம்" என்றார்.

துணைக்கு வந்த நான் பின் சீற்றில் இருந்து கண்டது உன் பின்னந்தலையையும் கைகளையும் மட்டும்தான். பாரிஸ் பின்னுக்குப் போனது. கண்ணாடியில் பார்த்தால் ஒரு வெள்ளை வீடு எங்களைத் துரத்திக்கொண்டு வந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு நம்ப முடியவில்லை. ஒரு சின்ன உருவ மனுசி கால்விரலால் மிதிக்க, கட்டிலும் அடுப்பும் தண்ணீரும் அரிசியும் நெடுஞ்சாலையில் ஓடுகின்றன!

லிமோஜ் தாண்டிய பிறகு நீண்ட இறக்கம் ஒன்று வந்தது. பெரிய லொறி ஒன்று எங்களை முந்திக்கொண்டு போனது. அது தள்ளிய காற்றில் கரவானின் வால் ஒரு பக்கம் போனது, பிறகு மறு பக்கம் போனது. பிறகு நிற்கவே இல்லை. ஒவ்வொரு ஆட்டமும் முந்தினதைவிடப் பெரிதாக வந்தது. ஜீப்பின் பின்பக்கத்தையே பிடித்து இழுத்தது. "என்ரை அம்மாளாச்சி!" என்று நான் கத்தினேன். முடிந்தது கதை என்றுதான் நினைத்தேன்.

அப்போது முன் சீற்றில் இருந்து ஒரு குரல் வந்தது. "பிறேக்... பிறேக்கைத் தொடாதை! நேராப் பிடி!"

"பிடிச்சுக்கொண்டுதான் இருக்கிறன்" என்றாய். வீட்டில் கறி கூட்டிக்கொண்டே பதில் சொல்வாயே, அதே குரலில் சொன்னாய். ஆக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்துவிட்டு வண்டியைத் தன்பாட்டுக்கு வேகம் குறைய விட்டாய். வளையத்தை நீ ஒரு பக்கமும் வெட்டவில்லை. உன் கைகள் இறுகக்கூட இல்லை, பிள்ளையைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தாய். ஆட்டம் மெல்ல மெல்ல அடங்கியது. அதன் பிறகுதான் பிறேக்கைத் தொட்டுத் தொட்டு, இறக்கத்தின் அடியில் இருந்த ஓய்விடத்தில் கொண்டுபோய் நிறுத்தினாய். கதவைத் திறந்தால் கரவான் சில்லுகளில் இருந்து அதே கருகல் மணம்.

இயந்திரத்தை நிறுத்திவிட்டு அவர் பக்கம் திரும்பினாய். "இஞ்சருங்கோ, இப்ப கதைச்சது நீங்களோ?" என்று கேட்டாய். அவர் இறக்கிவிடச் சொல்லிக் கையைக் காட்டினார். தடியை ஊன்றி, என் தோளைப் பிடித்துக்கொண்டு, கரவானின் பின்பக்கம் வந்து உள்ளே பார்த்தார். நீ அவருடைய கட்டிலைச் சுற்றி ஒரு பொருளும் இடிக்கக்கூடாது என்று எல்லாவற்றையும் வாலில் ஏற்றியிருந்தாய். அரிசி மூட்டை, தேங்காய்கள், தண்ணீர்க் கான்கள், எல்லாவற்றுக்கும் அடியில் அம்மி! பிரெனே மலைக்கு அம்மி கொண்டுபோன மனுசி நீ ஒருத்திதான். மிக்சியில் அரைத்த சம்பல் அவருக்கு இறங்காது என்று கொண்டுவந்தாய்.

"ஆரடி அம்மியை வாலிலை ஏத்தினது?" என்றார். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு போனது. எனக்குப் பயம் வந்துவிட்டது. பிறகுதான் விளங்கியது, மனுசன் சிரிக்கிறார்.

அதன் பிறகு அவர் வாய் ஓயவில்லை. ஒரு கதிரையில் இருந்துகொண்டு, இடக்கையால் காட்டிக்காட்டி எங்களை வேலை வாங்கினார். "வால் பாரமெண்டால் ஆடும், பாரமெல்லாம் அச்சுக்குக் கொஞ்சம் முன்னுக்கு. கீழை, தரையிலை வை. எடியே, அரிசியைக் கட்டு!" சொற்கள் குழறின. இருந்தாலும் எங்களுக்கு ஒவ்வொன்றும் விளங்கியது. நீ அம்மியைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டே அழுதாய். நான் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பாய். பார்த்தேனடி.

இரவு தங்கி, மறுநாள் மதியம் மலையடிக்குப் போய்ச் சேர்ந்தோம். அப்படியொரு மலையை நான் கண்டதில்லை. கழுத்தை முழுக்க நிமிர்த்தினால்தான் உச்சி தெரிந்தது. அதில் கோடையிலும் பனி கிடந்தது. கரவான் படியில் இருந்த அண்ணை மலையைப் பார்த்தார். பிறகு திரும்பி ஜீப்பைப் பார்த்தார், கொளுக்கியைப் பார்த்தார், கரவானை முன்னிருந்து பின்வரைக்கும் பார்த்தார். கடைசியில் உன்னைப் பார்த்தார்.

"இவ்வளவத்தையும் நீயோ இழுத்துக்கொண்டு வந்தனீ?"

"ஓம்" என்றாய். "உங்களையும் சேர்த்துத்தான்."

மலையை மறந்துபோய் நான் உன்னையே பார்த்துக்கொண்டு நின்றேன். எத்தனையோ வருஷம் ஒரே பாயில் படுத்தவள், ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்தவள். உனக்குள் இவ்வளவு இருந்தது எனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று இருந்தது.

அதற்குப் பிறகும் மூன்று கோடை நீ அவரைக் கொண்டுபோனாய். பிறகு உனக்கே நோய் வந்து கெதியாகக் கண்ணை மூடிவிட்டாய். அவர் பழையபடி சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடுவார் என்றுதான் நாங்கள் எல்லோரும் பயந்தோம். இல்லை. சனிக்கிழமைகளில் தடியோடு தனிய றெயில் ஏறி லா சப்பலுக்கு வருகிறார். கடையில் நின்று, வெண்டிக்காய் முறித்துப் பார்க்கும் சனத்தையெல்லாம் மறித்துக் கதை சொல்கிறார். "என்ரை மனிசி ஒரு முழு வீட்டை இழுத்தவள், தெரியுமோ? ஒற்றைப் பொம்பிளை. மலை வரைக்கும் இழுத்தவள்."

வருத்தக்கார மனுசன், மனைவியை இழந்தவர் என்று அவர்கள் தலையாட்டிவிட்டு என்னைப் பார்க்கிறார்கள். உண்மையோ என்று கண்ணால் கேட்கிறார்கள். அப்போது நான் தராசை விட்டுவிட்டு, கடை முழுக்கக் கேட்கச் சொல்கிறேன்:

"ஓம். நான் பின் சீற்றிலை இருந்தனான்."