தாழ்ப்பாள் இல்லாத குளியலறை

மார்ச் 3, திங்கள்

தினமும் நாலு வரி எழுதச் சொல்லியிருக்கிறார் டாக்டரம்மா. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவளிடம் போய்!

எங்கள் குளியலறைக் கதவில் தாழ்ப்பாள் கிடையாது. டிசம்பரில் ஒருநாள் உள்ளே தாழிட்டுக்கொண்டு மூன்று மணி நேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. ஏன் என்று சொல்லவும் தெரியவில்லை. கதவை உடைத்துத்தான் வெளியே கொண்டுவந்தார்கள். அப்புறம் ஆஸ்பத்திரி, மாத்திரை, இரண்டு மாத லீவு. தாழ்ப்பாளை அன்றைக்கே கழற்றிவிட்டார் வீட்டுக்காரர்.

இப்போது நான் குளிக்கப் போனால் வெளியே ஸ்டூல் போட்டு உட்காருகிறார்.

"என்னம்மா பண்ற?"

"மீன் பிடிக்கிறேன்."

சிரிக்கவில்லை. ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மார்ச் 4, செவ்வாய்

சிரித்தால் "என்ன, இவ்ளோ சிரிக்கிற?" சும்மா இருந்தால் "என்ன, பேச்சையே காணோம்?" எத்தனை பல் தெரியலாம் என்று அவரே ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிடட்டும்.

மார்ச் 7, வெள்ளி

சலவைக்கூடத்தில் மறுபடி சேர்ந்து ஒரு வாரம். படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை. வெடுக்கென்று இழுத்தால்தான் சுருக்கம் போகும். என் ஜோடி ஒட்டகம் (கழுத்து அப்படி, பேர் வைத்தது நான்) பூப்போல இழுக்கிறாள்.

"ஏண்டி, நான் என்ன முட்டையா?"

"இல்லக்கா... உங்களுக்கு ஆகாதுல்ல."

அத்தனை விரிப்பும் சுருக்கம். சூப்பர்வைசர் வந்து அவளை மட்டும் திட்டினார். என்னைப் பார்த்து, "நீங்க உக்காருங்கம்மா." திட்டு வாங்கக்கூட யோக்கியதை இல்லாமல் போய்விட்டேன்!

மார்ச் 9, ஞாயிறு

நானே கடைக்குப் போய் ஒரு தாழ்ப்பாள் வாங்கி வந்தேன். மத்தியானம் பார்த்தால் காணோம். கேட்டால், "எது?" என்கிறார். அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"நான் நல்லாத்தானே இருக்கேன்?"

"டிசம்பர்லயும் இதேதானே சொன்ன?"

 

மார்ச் 11, செவ்வாய்

சூப்பர்வைசர் நடப்பதை நடித்துக் காட்டினேன். ஒரே சிரிப்பு. ஒட்டகம் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "பழைய அக்கா வந்தாச்சு" என்றாள்.

மூன்று நாளாக உள்ளே ஒன்றுமே இல்லை. கையும் வாயும் மட்டும் தானாக ஓடுகின்றன.

மார்ச் 12, புதன்

டிசம்பரிலும் இப்படித்தானே? அன்று காலையிலும் எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டுத்தானே உள்ளே போனேன்? சனியன் பிடிச்ச வாய். யார்கிட்ட போய்ச் சொல்றது — சொன்னா ஸ்டூலை உள்ளேயே கொண்டு வந்துடுவார். தாழ்ப்பாள் இந்த ஜென்மத்துல கிடையாது.

சாயங்காலம் சொல்லிவிட்டேன். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, எனக்கு முடியல. நாலு நாளா. சிரிக்கறதெல்லாம் சும்மா."

குழாயை மூடினார். கையில் சோப்பு நுரையோடு அப்படியே நின்றார்.

"சரி. காலைல டாக்டர்கிட்ட போலாம்."

அவ்வளவுதான். மிச்சப் பாத்திரத்தை நான் கழுவினேன்.

மார்ச் 13, வியாழன்

டாக்டரம்மா மாத்திரையை மாற்றியிருக்கிறார். வாய் காய்கிறது. ஆளைத் திட்டக்கூட எச்சில் இல்லை.

மார்ச் 23, ஞாயிறு

காலையில் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாகக் குளியலறை வாசலில் நிற்கிறார்.

"என்ன திடீர்னு?"

"அன்னைக்கு நீயே வந்து சொன்னல்ல."

காணாமல் போன அதே தாழ்ப்பாளைக் கோணலாக மாட்டியிருக்கிறார். கதவைத் தூக்கிப் பிடித்தால்தான் தாழ் விழுகிறது. ஒரு வேலை உருப்படியாக வராது இவருக்கு. தாழிட்டுக்கொண்டு தண்ணீர் தீரும்வரை குளித்தேன்.

ஏப்ரல் 5, சனி

அவர் தன் அக்கா வீட்டுக்குப் போய் இரண்டு நாள் ஆகிறது. வீட்டில் நான் மட்டும். நேற்று முழுக்க ஒரு போன் இல்லை. இன்று மத்தியானம் அடித்தது. நலம் விசாரிக்கப் போகிறார், நன்றாக வம்புக்கு இழுக்கலாம் என்று ஓடிப்போய் எடுத்தால் —

"என் கண்ணாடிய எங்க வச்ச?"

எப்படி இருக்கேன்னு ஒரு வார்த்தை கேட்டாரா அந்த மனுஷன்?