கொட்டகைக்குள் உன் சீழ்க்கை

அன்புள்ள ஆர்டித்,

எல்லோரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன், நேரங்கெட்ட நேரத்தில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே, பகலில் உட்கார்ந்தால் உன் தம்பி எம்மெட் பேனாவைப் பிடுங்கிவிடுகிறான். இங்கே மூவரும் சுகம், நீ அந்த அலாஸ்கா மீன்பிடிக் கப்பலில் நன்றாக இருக்கிறாய் என்று தெரிந்தால்தான் அது முழுச் சுகம். சோள அறுப்பு முடிந்துவிட்டது, அப்பாவுக்கு வழக்கம்போல முதுகுவலி.

நீ வேட்டைக்குப் பழக்கி, வசந்தத்தில் பறக்கவிட்ட பருந்து திரும்பி வந்திருக்கிறது. வளர்ந்ததில் பழுப்பு வால் செங்கல் நிறமாகிவிட்டது, இடது காலில் ஒரு நகம் இல்லாததால்தான் அவளென்று தெரிந்தது. சந்தோஷப்பட்டேன். பிறகு ஒரு சாயங்காலம் காலிக் கொட்டகைக்குள்ளிருந்து, அவளைக் கூப்பிடும் உன் சீழ்க்கை கேட்டது, கடைசியில் நீ இழுப்பாயே, அந்த இழுப்போடு. பருந்து மரத்திலிருந்து இறங்கி, அவளைக் கையில் வாங்க நீ கையுறை போட்டுக்கொண்டு நிற்கும் இடத்து வேலிக்கம்பத்தில் வந்து உட்கார்ந்தது. "அக்கா வந்துட்டா" என்று எம்மெட் ஓடினான், பின்னாலேயே நானும் ஓடினேன். உள்ளே யாருமில்லை. அப்பாதான் உத்தரத்தில் ஒரு ஸ்டார்லிங்கைக் காட்டினார், கேட்டதையெல்லாம் திருப்பிச் சொல்கிற குருவி, தொண்டை துடிக்க உன்னைப் போலவே கூப்பிடுகிறது. "உன் மக அங்க மீன் புடிக்கிறா, இங்க அவ வேலைய இவன் பாக்குறான்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விடுவதற்கு முன்பு சில நாள் வயிறு முட்ட இறைச்சி போட்டால்தான் பருந்து நம் கையை மறக்கும் என்று நீதானே சொல்வாய், கப்பலுக்கு நேரமாகிறதென்று அதைச் செய்யாமல் போய்விட்டாயா? சோளத்தாளுக்குள் வயலெலி ஓடுகிறது, முயல் நிற்கிறது, அவள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கொட்டகையையே பார்த்துக்கொண்டு மெலிந்துபோகிறாள், பனிக்காலம் வேறு வருகிறது.

நேற்று வேலிக்கம்பத்தடியில் புள்ளி போட்ட கறுப்பு இறகுகள் கிடந்தன. பசி பொறுக்காமல் அந்தக் குருவியையே தின்றுவிட்டாள். இனிச் சத்தம் இருக்காது என்று நினைத்தேன், இன்று சாயங்காலம் மறுபடி கேட்டது. அந்தக் குருவியிடமிருந்து இன்னொரு குருவி கற்றிருக்கும் என்கிறார் அப்பா, உயிரியல் படித்த எனக்கும் அது தெரியாமல் இல்லை. ஆனால் பருந்து இந்தமுறை கொட்டகைப் பக்கம் திரும்பவில்லை, ஆளில்லாத சாலையைப் பார்த்துத் தலையைச் சாய்த்தது. எம்மெட் அதே பக்கம் பார்த்துக் கையசைத்தான்.

உன்னைப் பெற்றபோது எனக்குப் பதினெட்டு வயது, நான் பயந்தால் "நீதாம்மா சின்னப் புள்ள" என்று கிண்டல் செய்வாய், இப்போதும் செய். ஈரத் தளத்தில் தனியாக நிற்காதே, இடுப்புக் கயிற்றை மறக்காதே. அலைமேல் இருக்கும் உன்னை ஆண்டவர் கைவிடாமல் காக்கட்டும். பருந்தை என்ன செய்வதென்று எழுது, அது முடியாவிட்டால் நீ இருக்கிறாய் என்று மட்டுமாவது ஒரு வரி எழுது. கோடைக்குப் பிறகு உன் கடிதமே இல்லை. சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா,
லெனோர்